கஷ்டம் என்னைப் படிக்க வைக்கவில்லை

போன மாதம் ஒரு சமூக மன்றத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். "நீங்க கஷ்டப்பட்டு மேல வந்த கதையைச் சொல்லுங்க, பிள்ளைங்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்றார்கள். போனேன், பேசினேன், கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கஷ்டம் என்னைப் படிக்க வைக்கவில்லை. என் நான்கு வருடத்தைத் தின்றது, அவ்வளவுதான்.

நான் சிங்கப்பூரில், உயர்நிலைப் பள்ளியில் மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைச் சேர்க்கும் வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவில் படித்தவள். அந்தப் பிரிவு 1994இல் வந்தது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து பிரிவுப் பெயர்களே இல்லை. எனக்கு அதில் எவ்வளவு நிம்மதி என்று சொல்லி மாளாது. அப்போது ஒரு ஆசிரியை அம்மாவிடம், "இவளுக்கு இதுவே போதும், ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்றார். அம்மா அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தார்.

தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் ஹையர் நைடெக் சான்றிதழ்ப் படிப்பை முடித்த 2010இல் அப்பாவுக்குப் பக்கவாதம். ஈரறை வாடகை வீடு, ஐந்து பேர். அம்மா துப்புரவு வேலைக்குப் போக, நான் கிடங்கில் பெட்டி அடுக்கப் போனேன். முதல் சம்பளச் சீட்டில் மசேநிக்கு (மத்திய சேம நிதி) கீழே 'சிண்டா' என்று மூன்று வெள்ளி, அதாவது மூன்று டாலர், பிடித்திருந்தார்கள். அது எதற்கென்றே எனக்கு அப்போது தெரியாது. பிடித்தமே இல்லாமல் முழுச் சம்பளமும் வந்தால் அப்பாவுக்கு டயப்பர் வாங்கலாமே என்றுதான் தோன்றியது.

2014இல் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கே உட்கார்ந்து படிப்பது? எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் பதித்த கல் மேசை ஒன்று உண்டு. இரவு பத்து மணிக்கு மேல்தான் காலியாகும். கொசுவர்த்தியைக் காலடியில் கொளுத்திவைத்துவிட்டு உட்காருவேன். குறிப்புத்தாள் பறக்காமல் இருக்க அப்பாவின் மாத்திரை டப்பாவை எடுத்து மேலே வைப்பேன்.

அந்த மேசைக்கு நான் இறங்கி வர முடிந்ததே எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவால்தான்; 'மாக்சிக்' என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். தேர்வுக் காலத்தில் அம்மாவுக்கு இரவு வேலை என்றால், மாக்சிக் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். "பெர்கி, பெலாஜார்லா" (போ, போய்ப் படி) என்று என்னை விரட்டுவார். அப்பாவைத் திருப்பிப் படுக்கவைப்பார், தண்ணீர் கொடுப்பார். மூன்று வருடம்! ஒரு காசு வாங்கியதில்லை. மேடையில் என் மன உறுதியைப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியது அவரை.

அப்புறம் வேலை பார்த்துக்கொண்டே, சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகச் சமூகப் பணிப் பட்டம். 2022இல் முடித்தேன். அப்பா அதைப் பார்க்கவில்லை.

நம் ஆட்களிடம் உதவும் மனசு இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். 1950களில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு நாளிதழின் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது சாதாரணத் தொழிலாளிகளும் கொடுத்தார்கள். 1991இல் சிண்டா, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், தொடங்கியது; அதற்கும் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கொடுக்கிறோம். அந்த மூன்று வெள்ளி எங்கே போகிறது என்று அவர்கள் நடத்தும் துணைப்பாட வகுப்பைப் போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்துகொண்டேன். பணம் கொடுக்கிறோம், சரி. ஆனால் சிரமத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்த்தால் உடனே "கஷ்டப்பட்டாத்தான் முன்னேற முடியும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். படுத்த படுக்கையாக இருக்கும் தகப்பனைப் பார்த்துக்கொள்ளும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஊக்கம் குறைவாகவா இருக்கிறது? அதற்கு வேண்டியது இரண்டு மணி நேரம். வீட்டில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அது கிடைத்துவிடும்.

இப்போது சனிக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேர், ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் மடக்கு மேசை போட்டு உட்காருகிறோம். பாடம் சொல்லித் தருவது கொஞ்சம்தான். உபகாரச் சம்பள (கல்வி உதவித்தொகை) படிவம் நிரப்புவது, பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை அம்மாக்களுக்குப் படித்துச் சொல்வது, இதுதான் அதிகம். இரண்டு பேர் மேசையில் இருந்தால், மற்ற இரண்டு பேர் தேவைப்படும் வீட்டுக்குப் போய் உட்காருவோம்.

போன வாரம் ஒரு பையன், உயர்நிலை மூன்று, எல்லோரும் கிளம்பிய பிறகும் நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, புத்தகத்தை உங்ககிட்டயே விட்டுட்டுப் போகவா? வீட்ல தம்பி கிழிச்சிடுறான்."

மேசை வைக்கும் அலமாரியில் கீழ்த்தட்டைக் காலி செய்து கொடுத்தேன். கணக்குப் புத்தகத்தை அடியில் வைத்தான். அறிவியலை மேலே வைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, கணக்கை மட்டும் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனான்.