கழுத்தை அமுக்கினால் பிபி குணமாகுமா?

"கழுத்தில் பிபி சென்சார் இருப்பதற்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள், தினமும் அமுக்கிவிட்டால் மாத்திரை வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. முன்பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. பின்பாதி ஆபத்தானது.

2021-இல் மருத்துவ நோபல் பெற்ற இருவரில் ஒருவரான ஆர்டெம் படபூட்டியனின் குழு, 2010-இல் பியெசோ1, பியெசோ2 என்ற அயனிக் கால்வாய்களை, அதாவது மின்னூட்டமுள்ள துகள்களை (அயனிகளை) செல்லுக்குள் விடும் நுண்ணிய வாயில்களை, அடையாளம் கண்டது. கழுத்துத் தமனியின் சுவர் விரியும்போது அங்குள்ள நரம்பு முனைகளில் இவை திறக்கின்றன. அயனிகள் உள்ளே பாய, மூளைக்குச் சேதி போகிறது. இதயத் துடிப்பு குறைகிறது, ரத்தக் குழாய்கள் தளர்கின்றன. உணர்வு நரம்புகளில் இவ்விரண்டும் இல்லாத எலிகளுக்கு ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கியது.

ஆனால் இந்த ஏற்பாடு முக்கியமாக நொடிக்கு நொடி சமாளிக்கத்தான். படுத்திருந்தவர் சட்டென எழும்போது தலைசுற்றாமல் காப்பது இதுதான். அழுத்தம் மாதக்கணக்கில் உயர்ந்தே இருந்தால், அந்த உயர்ந்த அளவையே இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். அமுக்கினால் சிறிது நேரம் இறங்கும், அவ்வளவே. மயக்கம் வரலாம், தமனியில் கொழுப்புப் படிவு இருந்தால் பக்கவாதமே வரலாம். சிலவகை இதயப் படபடப்புக்கு மருத்துவர்கள் இதைச் செய்வதுண்டு, இசிஜி பார்த்துக்கொண்டே.

இன்னொன்று: தூக்கிப் போடச் சொல்லும் மாத்திரைகளில் ஒன்றான அம்லோடிபின், ரத்தக் குழாய்த் தசையிலுள்ள கால்சியம் கால்வாயைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. அதுவும் ஓர் அயனிக் கால்வாய்தான்.