உளியைக் கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முந்தாநாளே எழுதிவிட்டேன். "விடுங்கள், விளையாட்டுக்குத்தானே சொன்னார்" என்று உள்பெட்டிக்கு வந்து ஆறுதல் சொன்னவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

மரவீடு கட்டப் பழகும் இருபது பேர் வட்டமாக உட்கார்ந்து பெயர், ஊர், தொழில் சொல்கிறோம். அடையாறு என்றவரிடம் "ஆற்றோரமா, மண் எப்படி?" என்று கேட்கிறார்கள். கொட்டிவாக்கத்துக்காரரிடம் உப்புக்காற்றைப் பற்றிப் பத்து நிமிடம் பேச்சு. நான் காசிமேடு என்றேன், படங்களில் ரவுடிகளின் ஊராகவே காட்டப்படும் வடசென்னை மீனவர் பகுதி. "இவர் கையில் உளியைக் கொடுக்கலாமா?" என்றார் வட்டத்தில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று நாளாக என்னை உறுத்துவது அந்தச் சிரிப்புதான், என்னுடையது.

ஊரைக் கேட்பது தவறு என்று நான் எங்கே சொன்னேன்? கேட்கத்தான் வேண்டும். மரத்தில் கட்டுகிறவனுக்கு ஊர்தான் முதல் கணக்கு. கடல் எவ்வளவு தூரம் என்று தெரியாமல் ஆணி வாங்க முடியாது. சாதாரண இரும்பு ஆணி எங்கள் பக்கம் துருவேறி, சுற்றியுள்ள மரத்தையும் கறுக்க வைத்து, கடைசியில் தலை கழன்று நிற்கும். துத்தநாகம் பூசியதையோ துருப்பிடிக்காத எஃகையோ தேட வேண்டும். கரையான் உண்டா, மழைக்குத் தண்ணீர் எவ்வளவு நிற்கும், தூணை மண்ணில் புதைக்கலாமா, கல்லின்மேல் நிறுத்த வேண்டுமா, எல்லாம் ஊரைக் கேட்டபிறகுதான் முடிவாகும். அதற்காகக் கேளுங்கள். காற்றையும் மண்ணையும் தெரிந்துகொள்ளக் கேளுங்கள். ஆளை எடைபோட ஊரைக் கேட்காதீர்கள். கொட்டிவாக்கத்தில் அடிக்கும் அதே வங்கக்கடல் காற்றுதான் காசிமேட்டிலும் அடிக்கிறது. அங்கே அது உப்புக்காற்று, இங்கே மட்டும் என்ன, கத்திக்காற்றா?

உளியைப் பற்றிக் கேட்டாரே, சொல்கிறேன். என் தாத்தா கட்டுமரத்தில் போனவர். ஓர் ஆணிகூட இல்லாமல் மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குள் போவார்கள். கரை சேர்ந்ததும் அவிழ்த்துக் காயவைப்பார்கள். ஆங்கிலேயன் கட்டுமரம் என்ற சொல்லையே அள்ளிக்கொண்டு போய் அகராதியில் வைத்துக்கொண்டான். படகுத் தச்சர்கள் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியம் என்ற மரப்பிசினைப் பூசி, நீர் புகாமல் அடைப்பதை அரைக்கால்சட்டை வயதில் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்தவன் நான். அன்று அதே கூட்டத்தில், பலகை இடைவெளியை எதைக் கொண்டு அடைப்பது என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. உளி பற்றிய நகைச்சுவைக்குப் பிறகு குங்கிலியத்தைப் பற்றி எந்த முகத்தோடு பேசுவது?

"அப்படியென்றால் ஊரைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே" என்கிறார் ஒரு நண்பர். அந்நியர்களிடம் கதவு எண் வரை ஒப்பிக்கக் கூடாது என்பது சரிதான், நானும் ஒப்பிக்கவில்லை. ஆனால் ஊரை மறைப்பது வேறு. ஆறு வருடம் மறைத்துப் பார்த்தவன் சொல்கிறேன். முதல் வேலைக்கு விண்ணப்பித்தபோது, காசிமேடு என்று போட்டால் கூப்பிடமாட்டார்கள் என்று மாமா சொன்னதால் புரசைவாக்கத்து அத்தை வீட்டு முகவரியைக் கொடுத்தேன். வேலை கிடைத்தது. கடிதமெல்லாம் அங்கேதான் போகும். அத்தை அவற்றை ஒரு மஞ்சள் பையில் சேர்த்துவைத்து, மீன் வாங்க வரும்போது கொண்டுவருவார். ஒருநாள் அப்பா அந்தப் பையைப் பார்த்துவிட்டு, "நம் தெருவுக்கும்தான் தபால்காரர் வருகிறார்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

"அந்தப் பக்கம் குற்றமே நடப்பதில்லையா?" நடக்கிறது. உங்கள் பக்கமும் நடக்கிறது. அதை வைத்து யாரும் படம் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

"எல்லாவற்றிலும் அரசியலா?" என்பவருக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன், முடியவில்லை. குடிசை மாற்று வாரியம் என்று 1970இல் ஒன்றை அமைத்தார்கள். அதன் பெயரில் இருந்த குடிசை 2021இல்தான் போனது. ஓலையையும் சவுக்குக் கழியையும் வைத்து நாங்கள் கட்டினால் அது மாற்றப்பட வேண்டிய குடிசை. நீங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் பலகை அடித்தால் இயற்கையோடு இயைந்த வாழ்வு. என் அம்மா கான்கிரீட் கூரைக்குப் போன அன்று நிம்மதியாகத் தூங்கினார், ஏனென்றால் ஓலை தீப்பிடித்து எரிவதைப் பார்த்தவர். மகன் ஏன் திரும்ப மரத்துக்குப் போகிறான் என்று அவருக்குப் புரியவே இல்லை. எனக்கும் முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. தாத்தாவின் கயிறு ஏதோ ஒரு முனையில் இழுக்கிறது போலும்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். வரும் ஞாயிறு புதியவர்கள் சேருகிறார்களாம், மறுபடி பெயர், ஊர், தொழில். காசிமேடு என்றுதான் சொல்வேன். ஒரு பொட்டலம் குங்கிலியம் கொண்டுவருகிறேன். உளியும் என்னுடையதையே எடுத்து வந்துவிடுகிறேன், யாரும் கொடுக்க வேண்டியதில்லை.