மஜிக்கார்ப் துள்ளி லெவல் ஏறவில்லை, ஐயா

போன கிழமை அக்காவின் மகன் படிக்கிற பாடசாலையில் ஒரு நிகழ்ச்சி. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதப்போகிற பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஊக்கம் கொடுக்கிற பேச்சு. அக்காவுக்கு ஒரு கலியாணவீட்டுக்காரரின் சட்டைகள் தைத்து முடிக்கக் கிடந்தது. அதனால் தாய்மாமன் நான் போய்ப் பிளாஸ்ரிக் கதிரையில் குந்தினேன்.

பேசியவர் கெட்டிக்காரர். சிரிக்க வைத்தார், இரண்டு தாய்மாரை அழவும் வைத்தார். அரை மணித்தியாலம் போனபிறகு திரையில் ஒரு படம் விழுந்தது. செம்மஞ்சள் உடம்பு, மஞ்சள் மீசை, முதுகில் கிரீடம் மாதிரி செட்டை, ஆவென்று பிளந்த வாய், எங்கேயும் பார்க்காத கண். எனக்கு வந்துகொண்டிருந்த நித்திரை கலைந்துவிட்டது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதனை இருபது வருசத்துக்குப் பிறகு நல்லூர்த் தேரடியில் கண்டமாதிரி. மஜிக்கார்ப்! போக்கிமொன் விளையாட்டில் வருகிற மீன்.

“இந்த மீனைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். அது துள்ளுவதை நிறுத்தவில்லை. துள்ளித் துள்ளி ஒருநாள் கியாரடோஸ் என்ற பெரிய கடல்நாகமாக மாறியது. நீங்களும் விடாமல் துள்ளுங்கள் பிள்ளைகளே” என்றார். மண்டபம் முழுக்கக் கைதட்டல்.

நான் தட்டவில்லை. அந்த மீனை வளர்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், துள்ளியதால் அது ஒரு லெவல்கூட ஏறவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: போக்கிமொன் என்பது விலங்குகளைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விடுகிற விளையாட்டு. 1996 பெப்ரவரியில் யப்பானில் கேம்போய் என்ற சின்ன இயந்திரத்துக்கு வந்தது. முதல் பதிப்பில் 151 விலங்குகள், அதில் 129ஆவது மஜிக்கார்ப். அதற்குத் தெரிந்த ஒரே வித்தை ஸ்பிளாஷ். அதாவது துள்ளுவது. அமத்தினால் மீன் துள்ளும், “பலனில்லை” என்று ஒரு வரி வரும், எதிரி வந்து அடிப்பான். இப்படி 40 தரம் துள்ளலாம். 15ஆம் லெவலில் போய்ப் பார்த்தால் மோதுகிற அடி ஒன்று கிடைக்கும், அதுவும் பூனை உரசினமாதிரி. 20ஆம் லெவலில் 130ஆவது விலங்கான கியாரடோஸ் ஆகும். அதைக் கண்டால் எதிரி நடுங்குவான். இப்போதைய கணக்கில் மஜிக்கார்ப்பின் அடிப்படைப் புள்ளிகள் எல்லாம் கூட்டினால் 200, கியாரடோஸுக்கு 540. (புலமைப்பரிசிலுக்கும் மொத்தம் 200 புள்ளிதான். இது சும்மா ஒரு பொருத்தம், ஒருவரும் சண்டைக்கு வரவேண்டாம்.)

என் மீன் வந்தது 2003இல். யுத்தநிறுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்திருந்த காலம். ரொறன்ரோவிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, திரும்பும்போது தன்னுடைய பழைய கேம்போயையும் அதற்குள் செருகுகிற சிவப்புப் போக்கிமொன் கட்டையையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். எனக்கு வயது பதினொன்று. ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். இரண்டு பென்ரோர்ச் பற்றறி போட்டால்தான் அது உயிர்க்கும். திரையில் வெளிச்சம் இல்லாத இயந்திரம் என்பதால், கரண்ட் நின்ற இரவுகளில் விளக்குக்குக் கிட்டச் சரித்துப் பிடித்துத்தான் விளையாட வேண்டும். அப்பாவுக்கு அந்தப் பற்றறி விசயம்தான் தாங்கவில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குள் பற்றறி தடைசெய்த சாமான். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட ஆள் அவர். “ரெண்டு பற்றறியும் உந்த மீன் துள்ளுறதுக்கோடா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அந்த மீனை நான் பிடிக்கக்கூட இல்லை. காசு கொடுத்து வேண்டினேன். நிலவுமலை என்ற குகைக்குள் போகமுதல் ஒரு வைத்தியசாலை வரும். அதற்குள் ஒருவன் நிற்பான். “அருமையான ஒரு மஜிக்கார்ப், உனக்காக மட்டும், 500தான்” என்பான். உனக்காக மட்டும் என்றதைத்தான் எழுத்துக்கூட்டி விளங்கிக்கொண்டேன். ஒரு பிடிக்கிற பந்து 200 விற்கிற உலகத்தில் 500 என்பது பெரிய காசு. கொடுத்த கையோடு, காசு திருப்பித் தரமாட்டேன் என்கிறான். அதைவிடக் கொடுமை, இன்னும் இரண்டு ஊர் தாண்டினால் ஒரு கிழவர் சும்மா ஒரு தூண்டில் தருவார். அதை எந்தத் தண்ணீரில் போட்டாலும் மஜிக்கார்ப்தான் வரும், வேறொன்றும் வராது. இன்றைக்கும் “எதிர்பார்க்கை வினாத்தாள், இரகசியமாகக் கிடைத்தது” என்று யாராவது வட்ஸ்அப்பில் விற்கும்போது எனக்கு அவன்தான் நினைவில் வருவான்.

சரி, இனி விசயத்துக்கு வருகிறேன். வேண்டின மீனை எப்படி வளர்ப்பது?

5ஆம் லெவல் மீனை 20க்குக் கொண்டுபோக அனுபவப் புள்ளி கிட்டத்தட்ட 10,000 வேண்டும். அது ஆறுதலாக வளர்கிற இனம், அதே லெவலுக்கு மற்றதுகள் பலதுக்கு இவ்வளவு தேவையில்லை. தானாக ஒருவனையும் வெல்லாத மீனுக்குப் புள்ளி எங்கே இருந்து வரும்? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மீனை வரிசையில் முதலாவதாக வைக்கவேண்டும். சண்டை தொடங்கியதும் மீன் முன்னால் வந்து நிற்கும். உடனே அதைத் திருப்பி எடுத்து, பலமான இன்னொன்றை இறக்கவேண்டும். களத்தில் முகம் காட்டினதற்காக, வென்றபிறகு புள்ளியில் பாதி மீனுக்குப் போகும்.

பேச்சாளர் ஐயா கவனிக்கவேண்டிய இடம் இதுதான். மாற்றுகிற அந்த ஒரு முறை எங்களுக்கு வீண். எதிரி சும்மா நிற்கமாட்டான், அடிப்பான். அந்த அடி மீனுக்கு விழாது. உள்ளே வருகிறவனுக்குத்தான் விழும். ஒவ்வொரு சண்டையிலும் முதல் அடியை வேறொருவன் வாங்கி, பிறகு அவனே அடித்து வென்று, கிடைத்ததில் பாதியை மீனுக்குக் கொடுக்கிறான். இப்படி நூற்றுக்கணக்கான தரம். அவ்வளவு நேரமும் மீன் உள்ளே பந்துக்குள் இருக்கிறது. துள்ளக்கூட இல்லை.

என்னிடம் அந்த அடி வாங்கினது ஒரு ஐவிசோர். தவளை மாதிரி, முதுகில் வெங்காயம் முளைத்த பிராணி. மூன்றில் ஒன்றைத் தெரிவு செய் என்றபோது எல்லாப் பெடியளும் நெருப்பு விடுகிற பல்லியை எடுப்பார்கள். நான் வெங்காயத்தை எடுத்தேன், எங்கள் தோட்டத்தில் வெங்காயம் நட்டிருந்த வருசம் என்பதாலோ என்னவோ. மீன் வளர்ந்த நாட்களில் அந்த வெங்காயத்தின் உயிர்க்கோடு எப்போதும் பாதிக்குக் கீழேதான் நின்றது.

ஒருநாள் ரியூசன் முடிந்து வந்து பார்த்தால், காலையில் 13இல் விட்ட மீன் 17இல் நிற்கிறது. யார் தொட்டது என்று கத்தினேன். அக்கா தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: “உன்ர மீனைக் கொஞ்சம் வளத்துவிட்டனான். வலது பக்கம் மேல இருக்கிறதை அமத்தினா வெங்காயம் வருது. மீனுக்கு ஒரு அடியும் பட விடேல்லை.” அந்த வருசம் அவளுக்கு உயர்தரப் பரீட்சை. தன்னுடைய புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எத்தனை மணித்தியாலம் அந்தப் புல்லுக்குள் சுற்றியிருப்பாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மூன்று நாளில் கியாரடோஸ் வந்தது. திரை மினுங்கி மினுங்கி, மீன் நீண்டு, நாகமாக வாயைப் பிளந்து நின்றது. நானும் அக்காவும் கத்தின கத்தில் அயல்வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

அப்புறம் நடந்ததை ஊக்கப் பேச்சாளர்கள் ஒருவரும் சொல்லமாட்டார்கள். கியாரடோஸோடு நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போன அடுத்த அரங்கு, மின்சார வித்தைக்காரன் லெப்டினன்ட் சேர்ஜ் உடையது. கியாரடோஸ் நீர் வகையும் பறவை வகையும் சேர்ந்தது. இரண்டுக்கும் மின்சாரம் ஆகாது, அதனால் அடி நான்கு மடங்காக விழும். ராய்ச்சு விட்ட ஒரே மின்னலில் என் நாகம் சரிந்தது. இத்தனை நாள் வளர்த்தது ஒரு நிமிசம் நிற்கவில்லை. அழுகை வந்துவிட்டது. மிச்சச் சண்டையை முடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? வெங்காயம்தான். புல் வகைக்கு மின்சாரம் பாதிதான் ஏறும்.

பேச்சாளர் சொன்ன கதை வேறெங்கோ இருக்கிறது. சீனர்களிடம் ஒரு பழங்கதை உண்டு. மஞ்சள் ஆற்றை எதிர்த்து நீந்தி, நாகவாசல் என்ற அருவியைத் துள்ளிக் கடக்கிற கெண்டை நாகமாகிவிடும் என்று. யப்பானில் மே 5ஆம் திகதி பிள்ளைகளுக்காகத் துணிக்கெண்டை கட்டிப் பறக்கவிடுவதும் அந்தக் கதையை வைத்துத்தான். யப்பான் மொழியில் மஜிக்கார்ப்பின் பெயரே கெண்டையரசன் என்கிற மாதிரித்தான் வரும். விளையாட்டை எழுதினவர்கள் அந்தக் கதையை எடுத்து, நடுவில் ஒரு குசும்பு செய்திருக்கிறார்கள். துள்ளலை வைத்தார்கள், நாகத்தை வைத்தார்கள், இரண்டுக்கும் இடையில் இருந்த தொடர்பைக் கழற்றிவிட்டார்கள். எனக்கு அந்த விளையாட்டிலேயே பிடித்த குசும்பு அதுதான். அதை ஒட்டவைத்துப் பழையபடி பிள்ளைகளுக்குச் சொல்வதால்தான் எனக்குக் கோபம்.

தமிழருக்குத் துள்ளுகிற மீன் கேலிப்பொருளும் இல்லை. பழைய புலவர்கள் ஒரு நாட்டின் வளத்தைச் சொல்ல வயலில் வாளை பாய்வதையும் கயல் துள்ளுவதையும்தான் சொன்னார்கள். பாண்டியன் கொடியில் மீனை வைத்தான். இன்றைக்கும் சின்னக்கடையில் விடிய வெள்ளெனப் போய்ப் பாருங்கள், துள்ளத் துடிக்கக் கிடக்கிற விளைக்கும் பாரைக்கும் ஒரு விலை, பொழுதேறிக் கண் மங்கினதுக்கு வேறு விலை. பலனில்லாமல் துள்ளுது என்று அங்கே யாராவது சொன்னால் செதில் அரிகிற அக்கா கத்தியைக் காட்டுவா.

மருமகனும் போக்கிமொன் விளையாடுகிறான், புதுப் பதிப்பு. அதில் ஒரு வசதி. களத்தில் முகம் காட்டாவிட்டாலும் கூட்டத்தில் இருக்கிற எல்லாருக்கும் புள்ளி தானாகப் பங்காகும். அவனுடைய மஜிக்கார்ப் ஆறாவது இடத்தில் படுத்திருந்தே கியாரடோஸ் ஆகிவிட்டது. யார் அடி வாங்கினார்கள் என்று அவனுக்குத் தெரியவேண்டிய தேவையே இல்லை. வசதிதான். எனக்கென்னவோ அது கொஞ்சம் களவு மாதிரி.

யாழ்ப்பாணத்தில் கியாரடோஸ் மூன்று நிறத்தில்தான் வரும்: டொக்டர், இஞ்சினியர், கனடா. நான் மூன்றும் இல்லை. கணிதப் பிரிவில் இரண்டு தரம் கவிழ்ந்து, மூன்றாந்தரம் தேறி, இப்போது ஒரு அரசாங்கக் கந்தோரில் மேசையும் மின்விசிறியும் உள்ள ஆள். எங்கள் வீட்டுக் கணக்கில் இதுவும் ஒரு கியாரடோஸ்தான். “பெடியன் விடாமல் முயற்சி பண்ணினவன்” என்று மாமி ஊரெல்லாம் சொல்லுவா. அந்த மூன்று வருசமும் நான் செய்தது ஸ்பிளாஷ். ரியூசன் காசு, சைக்கிள் ரியூப், பரீட்சைக்கு முதல்நாள் இரவுக் கோப்பி எல்லாம் தையல் மெசினிலிருந்து வந்தது. அக்காவும் உயர்தரம் பாஸ்தான். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே. இரண்டாந்தரம் ஏன் எடுக்கவில்லை என்று வீட்டில் அவளை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால் அந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருந்த பத்து வயதுப் பிள்ளைகளைப் பார்த்து “துள்ளுங்கள்” என்று சொன்னபோது எனக்கு வாய் உளைந்தது. துள்ளிக்கொண்டுதானே ஐயா இருக்குதுகள்? காலை வகுப்பு, பள்ளிக்கூடம், பின்னேர வகுப்பு, சனி ஞாயிறு கருத்தரங்கு. பின்வரிசையில் இருந்த தாய்மாரைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். அழ வைத்ததோடு விட்டுவிட்டார்.

அன்று இரவு அக்கா வீட்டில் புட்டும் மீன்குழம்பும். நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு, “உன்ர அந்த மீனுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டாள்.

அந்தக் கட்டைக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பற்றறி இருக்கிறது. சேமித்ததை எல்லாம் அதுதான் பிடித்து வைத்திருக்கும். அது செத்தால் எல்லாம் போச்சு. 2006இல் பாதை பூட்டி, சாமான் விலை எல்லாம் கண்டபடி ஏறின காலத்தில் கேம்போயைக் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்தேன். கனகாலத்துக்குப் பிறகு எடுத்துப் போட்டபோது புது ஆட்டம் தொடங்கவா என்று கேட்டது.

“பற்றறி முடிஞ்சுது அக்கா. மீனும் போட்டுது, வெங்காயமும் போட்டுது.”

“அதுக்கென்ன,” என்று குழம்பை என் கோப்பைக்குள் ஊற்றினாள். “ஐந்நூறுதானே. இன்னொண்டு வேண்டு, நான் வளத்துத் தாறன்.”