மணிக்கும் சேர்த்து ஒரு வாடகை வீடு

கஜா புயல் கரையைக் கடந்த 2018 நவம்பர் 16-க்கு அடுத்த சில நாட்களில், பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தோப்பில் விழுந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவிலிருந்து என் மாமனார் தூக்கிவந்த நாட்டு நாய்க்குட்டிதான் மணி. மரங்களை இழந்து வீடே பேச்சற்றுக் கிடந்த அந்த மாதங்களில் அவரைத் திண்ணையிலிருந்து எழுந்து நடக்க வைத்தது அந்தக் குட்டிதான். ஆகவே, மகளின் கல்லூரிப் படிப்புக்காகத் தஞ்சாவூருக்குக் குடிபெயர முடிவு செய்தபோது, மணியை ஊரில் விட்டுவிட்டு வருவது பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவே இல்லை.

மாதம் 10,000 ரூபாய்க்குள் இரண்டு படுக்கையறை வீடு என்பது எங்கள் வரம்பு. மருத்துவக் கல்லூரி சாலையில் தொடங்கி நாஞ்சிக்கோட்டை சாலை வரை இரண்டு மாதங்கள் அலைந்தோம். எத்தனை பேர், எங்கே வேலை, சைவமா அசைவமா என்ற கேள்விகளையெல்லாம் கடந்த பிறகும், நாய் உண்டு என்று சொன்ன நொடியில் பெரும்பாலான பேச்சுகள் தொலைபேசியிலேயே முடிந்துபோயின. முதலில் சொல்லாமல் குடிபோய்விடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தரகர் அறிவுரை சொன்னார். அப்படிச் செய்திருந்தால், அடுத்து நாயோடு வீடு கேட்டு வருகிறவரின் வார்த்தையையும் அந்த வீட்டுக்காரர் நம்பமாட்டார் என்பதால் நாங்கள் அதற்கு உடன்படவில்லை. சம்மதித்த ஒருவரோ வாடகையில் 2,000 ரூபாய் கூட்டி, பத்து மாத முன்பணமும் கேட்டார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அந்த வரம்பு பொருந்தாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. வீடு கிடைக்காத அவசரத்தில் நிற்கிறவர் எதைத்தான் ஒப்புக்கொள்ளமாட்டார்?

வீட்டுக்காரர்கள் எல்லோரும் இரக்கமற்றவர்கள் என்று நான் எழுதமாட்டேன். கரந்தையில் தனியாக வசிக்கும் ஓர் அம்மா எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு, தன் மாடிப் போர்ஷனைத் தர இயலாததற்கான காரணத்தைக் காட்டினார். முன்பு குடியிருந்த தம்பதி இருவரும் வேலைக்குப் போய்விட, பகல் முழுவதும் அடைபட்டுக் கிடந்த நாய் தேக்குக் கதவின் கீழ்ப்பாதியைப் பிறாண்டிக் கிழித்திருந்தது. குரைப்புச் சத்தத்தால் பக்கத்து வீட்டுடன் ஏற்பட்ட மனக்கசப்பு அவர்கள் காலி செய்து போன பிறகும் தீரவில்லை. கதவைச் சரிசெய்யும் செலவும் அவர் தலையில்தான் விழுந்தது. அவருடைய அச்சம் நியாயமானது. அந்த அச்சத்துக்கு எழுத்தில் பதில் சொல்லும் கடமை நாய் வளர்க்கும் எங்களுக்கு உண்டு என்பதை அந்தக் கதவின் முன் நின்றபோதுதான் நான் உணர்ந்தேன்.

சட்டத்தைக் காட்டி வீடு வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணி வளர்ப்பதற்குத் தடை விதிக்கக் கூடாது, பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தியும் விதிக்கக் கூடாது என்று தெளிவாகக் கூறுகின்றன. அடுக்ககத்தில் குடியிருப்பவருக்கு இது பெரிய துணை. ஆனால் தன் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பதில் உரிமையாளரின் மனம் இசைய வேண்டியிருக்கிறது. அதை வழிகாட்டுதல் மாற்றிவிடாது.

இது நாய் வளர்க்கும் சில குடும்பங்களின் தனிப்பட்ட சிரமம் மட்டுமல்ல. வாடகை வீட்டில் இடமில்லை என்ற காரணத்தால், சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும் நாளில் பழைய வாசலிலேயே விடப்பட்ட நாய்களை எங்கள் ஊரில் மட்டும் மூன்று முறை பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்று பல நாட்கள் பூட்டிய கதவைவிட்டு நகரவே இல்லை. பிறகு கடைத்தெருவுக்குப் போனது. அங்கே எல்லோரும் கல்லெறிந்து விரட்டும் தெருநாயாயிற்று. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முன்முயற்சியைத் தொடர்ந்து 1960-இல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம், தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுவதையும் குற்றமாகவே வைத்திருக்கிறது. முதல் முறை செய்யும் குற்றத்துக்கு அதில் உள்ள அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். இந்தத் தொகை இத்தனை ஆண்டுகளாக உயராமல் இருப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

கடைசியில் வல்லம் போகும் வழியில், சிறிய கொல்லைப்புறத்தோடு ஒரு கீழ்த்தள வீடு 9,500 ரூபாய் வாடகைக்கு அமைந்தது. இம்முறை வீடு பார்க்கப் போகும்போதே நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதி, மணியின் தடுப்பூசி அட்டையையும் சேர்த்து எடுத்துச் சென்றோம். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டு அதன் நகலைக் கொடுப்போம். தண்ணீர்த் தொட்டி இருக்கும் மொட்டை மாடிக்கு நாயை விடமாட்டோம். வீட்டில் ஆளில்லாமல் நாள் முழுக்க அடைத்துவைக்கமாட்டோம். கதவிலும் சுவரிலும் ஏற்படும் சேதத்துக்காக மூன்று மாத முன்பணத்தோடு 5,000 ரூபாய் தனியாகக் கொடுத்து, காலி செய்யும்போது கணக்குப் பார்த்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தோம். வீட்டுக்காரர் அதை இரண்டு முறை படித்தார். வாசலைத் தினமும் கழுவிவிட வேண்டும் என்று தம் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். பின்னர் அந்தத் தாளில் இருந்த அனைத்தையும் வாடகை ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொண்டோம். நாயோடு வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள் கேட்டால், அந்த வாசகங்களை அப்படியே அனுப்பிவைக்கிறேன்.