முள்ளு ஏறுனதும் ரேடியேட்டரக் கழட்டாதீங்க

இன்ஜின் மாத்துன வண்டில ஹீட் மீட்டர் முள்ளு சிவப்புக்குப் போச்சுன்னா நம்ம ஊர் பட்டறைல நடக்குற முதல் காரியம், தெர்மோஸ்டாட் வால்வை, அதாவது இன்ஜின் சூடாகுற வரைக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணி போகாம அடைச்சு வைக்கிறத, கழட்டித் தூக்கிப் போடுறது. "நம்ம வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு சார்"னு ஒரு வசனம் வேற. அப்பவும் இறங்கலன்னா ரேடியேட்டர் கோர் மாத்து, அதுக்கும் அடங்கலன்னா இன்ஜினோட சிலிண்டர் ஹெட்ட இறக்கு. இவ்வளவு செலவுக்கு நடுவுல இன்ஜின் நெஜமாவே சூடாகுதா இல்ல மீட்டர் பொய் சொல்லுதான்னு மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

எங்க வீட்டு அம்பாசடர்லயும் இதே கூத்துதான். அப்பா வாங்குன 1489 சிசி டீசல் இன்ஜின் புகை தள்ளித் தள்ளி ஓஞ்சு போச்சு, சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைல சுமாரா ஒரு இசுசு 1817 சிசி பெட்ரோல் இன்ஜின் கெடச்சுது, ஏத்தியாச்சு. (ஆர்சில இன்ஜின் நம்பரும் ஃப்யூயலும் மாத்த ஆர்டிஓ ஆபீஸ்க்கு அலைஞ்சதுக்குத் தனிப் பதிவு போடணும்.) வண்டி கெளம்பி கொஞ்ச தூரம் போனதுமே முள்ளு எச்-சைத் (ஹாட்) தொட்டு நிக்குது. ஆனா பானட்டத் தொறந்தா ஆவி இல்ல, ரேடியேட்டர் டேங்க்ல கொதிக்கிற சத்தம் இல்ல, மேல் ஹோஸ் கை வச்சு எடுக்குற சூடுதான். பட்டறைல தெர்மோஸ்டாட்டக் கழட்டிட்டாங்க, முள்ளு அசையல. எனக்கு சந்தேகம் வந்ததே அங்கதான், தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் நல்ல ரோட்டுல ஓடுனா பொதுவா ஆறிப்போயி ஓடணும், இது எப்படி எச் காட்டும்?

மொதல்ல உண்மையான சூட்டை அளக்கணும். ஒரு இன்ஃப்ராரெட் கன் வாங்குனா போதும், கொரோனா நேரத்துல நெத்தில காட்டுனாங்களே அது ஆகாது, அது காய்ச்சல் அளவோட நின்னுரும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்க்கு நேரா பிடிக்கணும், ஆனா பளபளன்னு இருக்குற அலுமினியத்துல பிடிச்சா கம்மியாக் காட்டும், அதனால ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அது மேல அடிங்க. 80ல இருந்து 95 டிகிரிக்குள்ள இருந்தா பயப்பட ஒண்ணுமில்ல. 0.9 பார் பிரஷர் மூடி ரேடியேட்டர்ல போட்ட சிஸ்டத்துல தண்ணி கிட்டத்தட்ட 118 டிகிரி வரைக்கும் கொதிக்காமத் தாங்கும்ங்கிறதும் நெனப்புல இருக்கட்டும். எங்க வண்டில முள்ளு எச்-ல இருக்கும்போது கன் காட்டுனது எழுபது சொச்சம்.

சரி, பொய் சொல்றது யாரு? காலைல இன்ஜின் ஆறி இருக்கும்போது சாவியப் போடுங்க, ஸ்டார்ட் பண்ண வேணாம். முள்ளு உடனே எச்-சுக்கு ஓடுனா சென்டருக்கு (sender, தண்ணி சூட்டை அளந்து மீட்டருக்குச் சொல்ல இன்ஜின்ல மாட்டிருக்குற உருப்படி) போற வயர் எங்கயோ பாடில உரசி எர்த்து ஆகுது, இல்ல மீட்டரே போச்சு. ஓடலயா, சென்டர்ல இருக்குற அந்த ஒத்த வயரப் புடுங்கி இன்ஜின் பிளாக்ல ஒரு நொடி தொடுங்க, முள்ளு எச் பக்கம் கெளம்பணும், எடுத்தா சி-க்கு (கோல்டு) இறங்கணும். ரொம்ப நேரம் பிடிச்சு வைக்காதீங்க, மீட்டர் உள்ள இருக்குற காயில் கருகிரும். இது சரியா நடந்தா மீட்டரும் வயரும் உயிரோடதான் இருக்கு. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வச்ச பெட்ரோல் கார்ல ரெண்டு வயர் போற சென்சாரும் பக்கத்துலயே இருக்கும், அது ஈசியூக்கு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டருக்கு, அதுல போயி இந்த வேலையக் காட்டிராதீங்க.

எர்த்தும் ஒரு பெரிய தலைவலி. இன்ஜின் ஏத்துறப்ப பாடிக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற பட்டை வயர மாட்ட மறந்துடுவாங்க. ஹெட்லைட் போட்டா ஹீட் முள்ளு நகருதா, கண்ண மூடிட்டு எர்த்தப் பாருங்க. சென்டர் மரைல டெஃப்லான் டேப்ப சுத்தித் தள்ளுனாலும் இதே வம்புதான், சென்டருக்கு எர்த்தே அந்த மரை வழியாத்தான்.

எங்க வண்டில இதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. மிச்சம் சென்டர். உள்ள இருக்குறது சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் கொறையுற சரக்கு, மீட்டர் அந்த ஓம்ஸ நம்பித்தான் முள்ளத் தூக்கும். இன்ஜின் இசுசு, டேஷ்போர்டு பழைய டீசல் வண்டியோடது, ஒருத்தன் பாஷை இன்னொருத்தனுக்குப் புரியணும்னு என்ன கட்டாயம்? பழைய சென்டரையும் புதுசையும் நூல்ல கட்டி அம்மாவோட பால் பாத்திரத்துல தொங்கவிட்டு, அடி தட்டாமப் பாத்துக்கிட்டு, மல்டிமீட்டர் முனைய ஒண்ணு தலைல ஒண்ணு உடம்புலன்னு வச்சேன். தண்ணி சூடாக ஆக ரெண்டும் எறங்குது, ஆனா கொதி வர்ற நேரத்துல புதுசு பழசுல பாதி ஓம்ஸ்கூட காட்டல. மீட்டரப் பொறுத்தவரை அது நெருப்பு. அம்மா அந்தப் பாத்திரத்த இன்னும் அடுப்புல ஏத்தல, அது வேற விஷயம்.

மீட்டர மாத்தலாம்னா அம்பாசடர் தயாரிப்பே 2014ல நின்னு போச்சு, கடைல கெடைக்கிறது எந்த லாட்டுன்னு நம்ப முடியாது. அதனால பழைய சென்டரையே புது ஹெட்ல மாட்டிட்டோம். மரை சேரல, லேத்துல ஒரு பித்தளை அடாப்டர் கடைஞ்சு வாங்குனேன். இதுல ஒண்ணு கவனிங்க, அடாப்டர் நீளமாப் போயிட்டா சென்டர் மூக்கு தண்ணிக்கு எட்டாது, அப்புறம் இன்ஜின் வெந்து போனாலும் முள்ளு பாதிலயே சாவகாசமா நிக்கும். பொய்யா எச் காட்டுறதவிட இது மோசம். தண்ணி ஊத்துனதும் ஏர் லாக்க (உள்ள மாட்டிக்கிட்ட காத்த) எடுக்கலன்னாலும் இதே கதி.

தெர்மோஸ்டாட்டயும் வாங்கித் திரும்பப் போட்டாச்சு. அது இல்லாதப்ப காலைல சோக்க விடவே முடியல, பெட்ரோலு குடிச்ச குடி சொல்லி மாளாது. இப்ப முள்ளு நடுவுல நிக்குது, கன்ல பாத்தா 85 பக்கம்.

இன்ஜின் மாத்துற ஐடியால இருக்குறவங்க பழைய இன்ஜினை காயலான் கடைக்கு ஏத்துறதுக்கு முன்னாடி டெம்பரேச்சர் சென்டரக் கழட்டி வச்சுக்கங்க. டேஷ்போர்டுல ஆயில் பிரஷருக்கு முள்ளு இருந்தா அதோட சென்டரையும் சேத்துதான்.