லண்டனுக்கு ஆறே மணி நேரமா?

வேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: "சென்னையிலிருந்து லண்டன் போக 6 மணி நேரம், திரும்பி வர 14. பூமி கிழக்கே சுற்றுவதால் லண்டனே எதிரே வந்துவிடுகிறது." தவறு.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். காலை 6 மணிக்குக் கிளம்பி அங்கே பகல் 12-க்கு இறங்கினால், நேர வித்தியாசம் நாலரை மணியையும் கூட்டுங்கள் (அவர்களுடைய குளிர்காலத்தில் ஐந்தரை). பத்தரை மணி நேரம். தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர் ஆச்சே! திரும்பும்போது அந்த நேர வித்தியாசத்தையே கழிக்க வேண்டும்.

பூமியோடு காற்றும் சேர்ந்தே சுற்றுகிறது. காட்பாடி தாண்டி ஓடும் ரயிலுக்குள் எகிறிக் குதித்தால் அதே இடத்தில்தானே விழுகிறோம்? சொல்லப்போனால், வரும் பயணம்தான் பெரும்பாலும் சற்றுக் குறைவு: உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிவிடும்.