கடைசி மெடிச்சி ஒரு பெண்
இத்தாலியில் ஃப்ளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் கடைசித் தலைமுறை ‘உருப்படியாக எதையும் விட்டுப் போகவில்லை’ என்று அவர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு வரி வருகிறதே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. 1737-இல் அந்தக் குடும்பத்தின் கடைசி ஆட்சியாளர் ஜான் காஸ்டோனே வாரிசில்லாமல் இறந்தார், அவர் குடிகாரர், சரி. ஆனால் அவருடைய அக்கா அன்னா மரியா லூயிசாவை எப்படி மறந்தீர்கள்? அவருக்கும் பிள்ளை இல்லை. ஆட்சி லொரைன் வம்சத்துக்குப் போய்விட்டது, கையில் மிஞ்சியது குடும்பச் சொத்துதான். அதே ஆண்டு லொரைன் வம்சத்தோடு அவர் போட்ட ஒப்பந்தப்படி ஓவியம், சிலை, நூலகம் எதையும் ஃப்ளாரன்ஸை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. வெளிநாட்டவர் பார்க்க ஆசைப்பட்டு வர வேண்டும் என்று காரணத்தையும் எழுதி வைத்தார், கெட்டிக்காரி! மற்ற இத்தாலிய ஆட்சிக் குடும்பங்களைப் பாருங்கள்: மான்டுவாவின் கொன்சாகா குடும்பம் தங்கள் ஓவியங்களை 1620-களில் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸுக்கு விற்றுத் தீர்த்தது. மொடேனாவின் எஸ்தே பிரபுவும் பிறகு நூறு ஓவியங்களை ஜெர்மனியின் சாக்சனிக்கு விற்றார், அவற்றைப் பார்க்க இன்று டிரெஸ்டனுக்குத்தான் போக வேண்டும். ஃப்ளாரன்ஸின் உஃபீசி அருங்காட்சியகத்தில், மெடிச்சி சேகரிப்பு இருக்கும் ட்ரிபூனா என்ற எண்கோண அறைக்குள் இப்போது விடுவதில்லை. வாசலில் நின்று கழுத்தை நீட்டித்தான் பார்த்தேன்: சிவப்புச் சுவர், கூரை முழுக்கச் சிப்பி, நடுவே மெடிச்சி வீனஸ் சிலை. அந்தம்மா இல்லையென்றால் அதுவும் எங்கே போயிருக்குமோ.